நீச்சல்குளத்துக்கு ஓர் அடுப்பு

“தண்ணி காய வெக்கறதுக்கு எதுக்கு அம்மணி டிப்ளமோ? ரெண்டு வெறகைச் சொருகினாத் தானாக் காஞ்சுட்டுப் போகுது.”

நீச்சல்குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு அந்த வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சிங்காநல்லூருக்குக் கிழக்கே சொந்தமாக ஒரு நூற்பாலை நடத்திக்கொண்டிருந்தவர். கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லியிருந்ததால் வாசலிலேயே காத்திருந்தார். மீசையும் ஸ்கூட்டருமாக ஒருவரை எதிர்பார்த்தவர் முன்னால், பஸ்ஸில் வந்து இறங்கி, தோள்பையில் அளவு டேப்பும் தெர்மாமீட்டரும் குலுங்க, வேர்த்து வழிந்தபடி நான் போய் நின்றேன்.

“காயுமுங்க ஐயா,” என்றேன். “எத்தனை வெறகு, எத்தனை நேரம், காஞ்ச சூடு எங்க போகுது, இதையெல்லாம் சொல்றதுக்குத்தானுங்க டிப்ளமோ.”

நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க, வாயடைச்சுப் போச்சுங்களா? நீ அளந்து பாரு கண்ணு. அவுருக்கு எதுக்கெடுத்தாலும் வெறகுதான்.”

எனக்கு அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்னக் கம்பெனி. வெயிலில் தண்ணீர் காய வைக்கும் பெட்டிகளை அங்கே செய்தோம். மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புப் பூசிய செப்புக் குழாய், மொட்டை மாடியில் சாய்த்து வைத்தால் குளிக்க வெந்நீர். நான் டிராயிங் போர்டில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் தோட்டக் கூலி. கூலிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் வளவில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான். அதனாலோ என்னவோ, கையெழுத்துப் போடும் இடம் எங்கே இருந்தாலும் என் கண் அங்கேதான் போகும்.

டிராயிங் தாளின் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், வடிவமைத்தவர். முதல் கட்டத்தில் என் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்து. மூன்றாவது கட்டத்தில் எப்போதும் எங்கள் முதலாளியின் எழுத்து. வரையும்போதெல்லாம் அந்த மூன்றாவது கட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

வழக்கமாக அளவெடுக்கப் போகிறவருக்கு மஞ்சள் காமாலை. “போயி நீள அகலம் எடுத்துட்டு வந்துரு. எதுவும் பேசாத,” என்று சொல்லித்தான் முதலாளி என்னை அனுப்பினார். போன ஐந்து நிமிடத்தில் பேசிவிட்டேன்.

அந்த வீட்டு அம்மாவுக்கு வழுக்கி விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தண்ணீருக்குள் நின்றால் உடம்பின் பாரம் குறையும், தினமும் தண்ணீருக்குள்ளேயே நடந்து பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் படிக்கப்போன மகனுக்காகக் கட்டிய குளம் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. பெரிய குளமில்லை. ஒரு லாரியை இறக்கி நிறுத்தினால் நிறைந்துவிடும். ஐப்பசி வரைக்கும் தினமும் காலையில் இறங்கி நடந்திருக்கிறார். கார்த்திகை வந்து வாடைக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் தண்ணீர் ஐஸாகிவிட்டது.

“கால வெச்சா ஊசி குத்தற மாதிரி இருக்குது கண்ணு,” என்றார். “ஐப்பசில கொளத்தோரத்துக் கம்பியப் புடிக்காம நாலு எட்டு வெச்சேன். இப்ப மறுபடி நாக்காலிதான். தைக்குள்ள நடந்து பழகலீன்னா மூட்டு அப்படியே இறுகிப்போகுமுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.”

பேச்சு சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கை முழங்காலை விட்டு நகரவேயில்லை.

நான் தெர்மாமீட்டரை நூலில் கட்டிக் குளத்தில் விட்டேன். நீச்சல்குளத்தை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணறுகளில் எங்கள் வளவுப் பிள்ளைகளை இறங்க விடமாட்டார்கள். அதனால் எனக்கு நீச்சல் தெரியாது. அடியில் பதித்த நீல ஓடு வரைக்கும் தெரியும் தண்ணீர். இத்தனை தண்ணீரை ஓர் ஆள் இறங்கி நிற்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு வழி சொல்ல என்னைக் கேட்கிறார்கள். உள்ளங்கை குறுகுறுத்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஐயா சொன்ன விறகு அடுப்பு. அவருடைய மில்லில் ஒரு பழைய பாய்லர் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. கோயமுத்தூர்க்காரர்களுக்கு எதையும் கடையில் வாங்க மனசு வராது. பட்டறையில் இருப்பதை வெட்டி ஒட்டிச் செய்துவிடுவார்கள். எனக்கும் அந்தப் புத்தி உண்டு. ஆனால் அந்த அம்மா காலை ஆறரைக்கு இறங்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் ராத்திரியெல்லாம் விறகு தள்ள வேண்டும். புகை முழுக்கக் குளத்தின் மேல்தான் படியும். கரண்டில் காய வைக்கலாம் என்றால், அவ்வளவு பெரிய ஹீட்டரைப் போட்டதும் அந்தத் தெருவே இருட்டாகிவிடும். போதாததற்குத் தினம் ஒரு தடவை கரண்ட் போய் வந்துகொண்டிருந்த காலம். டீசல் பர்னர் நாற்றமும் சத்தமும். எங்கள் கம்பெனியின் கண்ணாடிப் பெட்டிகளை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வீட்டு மாடி, கார் ஷெட், காவல்காரர் அறை எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பக்கத்து வீட்டு மாடியையும் வாடகைக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

அன்றைக்குப் பொழுதோடு வீட்டு வாசலில் உட்கார்ந்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த தென்னந்தோப்பில் புதிதாகச் சொட்டுநீர் போட்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் கறுப்பு ஹோஸ் ஓடும்.

“கால்ல என்னங்கப்பா செவப்பா இருக்குது?”

“அந்தக் கருமாந்தரம் புடிச்ச ஓஸு சாமி. உச்சிப் பொழுதுல வாயத் தொறந்தேன், கொதிக்கக் கொதிக்க வந்து காலுல ஊத்திப்போடுச்சு. மார்கழி மாசம்னுதான் பேரு. டீயே போட்டிருக்கலாம்.”

பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

குளிக்கிற வெந்நீர் கையைச் சுட வேண்டும். சுற்றியிருக்கும் காற்றைவிட அது ரொம்பச் சூடு. அந்தச் சூட்டைக் காற்று திருடிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் கண்ணாடி, செம்பு, அவ்வளவு செலவு. நீச்சல்குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். பகல் காற்றின் சூடுதான் கிட்டத்தட்ட அதற்கும் வேண்டும். அதற்குக் கண்ணாடி எதற்கு? வெயிலில் கிடக்கும் கறுப்பு ஹோஸே போதும். குளத்துத் தண்ணீரை வடிகட்டச் சுற்றிவிடும் மோட்டார் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பகலில் கூரைமேல் ஹோஸ் வழியாக ஒரு சுற்றுச் சுற்றவிட்டுக் குளத்துக்கே திருப்பிவிட வேண்டும். ராத்திரி குளத்தை மூடிவைக்க வேண்டும். அவ்வளவுதான்!

மறுநாள் பட்டறைக் கூரைமேல் ஒரு சுருள் ஹோஸைப் போட்டு, வாளியை வைத்துப் பரிசோதித்தேன். மத்தியானம் தெர்மாமீட்டரின் பாதரசம் ஏறிய வேகத்தைப் பார்த்துக் கூரையிலிருந்தே “சார்! சார்!” என்று கத்தினேன். கீழே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்கள்.

முதலாளி என் கணக்கை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மணி, நாம என்ன யாவாரம் பண்றோம்?”

“சோலார் ஹீட்டருங்க சார்.”

“அப்பறம் என்னத்துக்கு அவுங்களை ஓஸ் கடைக்குத் தாட்டி விடற? நம்ம கம்பெனிக்கே ஆப்பா?”

“நம்ம பொட்டி அங்க பத்தாதுங்க சார். பத்தாததை வித்தா நம்ம பேருதானுங்க கெடும்.”

அவர் டீ வரவழைத்தார். எனக்கும் சேர்த்து. குடித்து முடித்த பிறகு சொன்னார்:

“சரி, செஞ்சு பாரு. ஆனா ஒண்ணு. தண்ணி காயலீன்னா இனி சைட்டுப் பக்கமே உன்னைய விடமாட்டேன். போர்டுல உக்காந்து கோடு மட்டும் போடோணும்.”

தலையை ஆட்டினேன். உள்ளே பயம்தான். ஆனால் அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்ததால் பயம் வெளியே வர இடமில்லாமல் போய்விட்டது.

கார் ஷெட் கூரைமேல் அந்தக் கறுப்பு ஹோஸை முறுக்குச் சுற்றுவது மாதிரி வட்டம் வட்டமாகச் சுற்றிக் கட்டினோம். நானும் இரண்டு பிளம்பர்களும். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூரைமேல் நடந்த என்னைப் பார்க்க அக்கம்பக்கத்து மாடிகளில் கூட்டம் நின்றது. ஐயா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஏம் அம்மணி, மாட்டுக்குக் கயிறு திரிக்கறயா?”

“தண்ணிக்குத் திரிக்கறேனுங்க.”

“என்ற மில்லுல அத்தனை பெரிய பாய்லர் கெடக்குது. நீ என்னடான்னா ஓஸப் புடிச்சுத் தொங்கற.”

“உடுங்க, தொங்கட்டும்,” என்றார் அந்த அம்மா. “நீங்க தார்ப்பாய்க்கு வழி பண்ணுங்க.”

பஞ்சுப் பொதிகளை மூடும் பெரிய தார்ப்பாய் ஒன்று மில்லிலிருந்து வந்தது. சாயங்காலம் குளத்தை அதால் மூடிக் காலையில் சுருட்டி வைக்க ஏற்பாடு.

வால்வைத் திறந்துவிட்ட அந்த முதல் மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் என் கை சூடாகிறது. ஹோஸின் மறுமுனை குளத்துக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. மண்டியிட்டுக் கையை நீட்டினேன். சுளீரென்றது! அந்த அம்மா தடியை ஊன்றி வந்து குனிந்து தானும் கையை நீட்டினார். “அட, ஆமாங்கண்ணு!” என்றார். ஐயாவும் வந்தார். விரல் நுனியை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, “பாக்கலாம்,” என்று வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் வெயிலில் குளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு சாயங்காலம் தெர்மாமீட்டர் முப்பதைத் தொட்டது. மறுநாள் காலை அந்த அம்மா இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தார். எனக்குக் கம்பெனிக்குப் போன் வந்தது. நான் பட்டறையில் குதிக்காத குறை.

அதற்கு மறுநாளும் போன் வந்தது. “தண்ணி சில்லுன்னு கெடக்குது கண்ணு. ரெண்டாம் படிலயே நின்னுட்டேன்.”

ஓடினேன். முந்தின நாள் சாயங்காலம் முப்பது. காலையில் இருபத்தாறு. வெயில் நன்றாகத்தான் அடித்திருந்தது. அடுத்த நாள் காலை பரவாயில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி சில். ஒரு நாள் நான் ஜெயிப்பேன், ஒரு நாள் தோற்பேன். ஹோஸில் எங்காவது ஒழுகுகிறதா என்று ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் பார்த்தேன். ஒழுகவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில் வாடை புகுகிறதோ என்று மணல் மூட்டை வைத்து அழுத்தினேன். மாற்றமில்லை. குளத்தின் மட்டமும் இறங்கியிருக்கவில்லை. எப்போது பார்த்தாலும் நீல ஓட்டின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. கணக்கை முதலிலிருந்து போட்டேன். கணக்குச் சரியாக இருந்தது. சூட்டை மட்டும் காணோம்.

காஞ்ச சூடு எங்கே போகிறது என்று சொல்லத்தான் டிப்ளமோ என்று பெரிதாகப் பேசிவிட்டு வந்தவள் நான்.

“நான் அப்பவே சொன்னேனா இல்லியா?” என்றார் ஐயா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சமாதானமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நீ வெசனப்படாத. திங்கக்கெழமை லாரில பாய்லரக் கொண்டாந்து எறக்கிப்போடறேன். ஓஸுக்கு உண்டான காசக் குடுத்துர்றேன்.”

அந்த அம்மா என்னைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லரைப் பொருத்தி முடிக்கவே தை பாதி போய்விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முதலாளி கூப்பிட்டு, “சொன்னது ஞாபகம் இருக்குதல்ல?” என்று மட்டும் கேட்டார். மூன்றாவது கட்டம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அன்றைக்குக் கணக்குப்படி சில்லென்று இருக்க வேண்டிய நாள். யாரும் தார்ப்பாயைத் தொடுவதற்கு முன்னால், இருந்தபடி இருக்கும் தண்ணீரை அளந்துவிட வேண்டும் என்று வெறி. பஸ் நிறுத்தத்திலிருந்து வாசலைச் சுற்றிப் போனால் தூரம். பின்பக்கக் கேட்டில் நுழைந்து, வீட்டை ஒட்டிய அவர்களுடைய தென்னந்தோப்பு வழியாகக் குறுக்கே போனேன். மூடுபனி. குளிரில் பல் தந்தியடித்தது. பாத்திகளில் தண்ணீர் பாய்ந்து சேறாக இருந்ததால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பாத்தியில் காலை வைத்தேன்.

வெதுவெதுவென்றிருந்தது.

இன்னொரு காலையும் வைத்தேன். சொகுசாக இருந்தது. அடுத்த மரத்தடிக்குப் போய் அங்கேயும் காலை வைத்துப் பார்த்தேன். பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பாத்தித் தண்ணீரில் குத்தி வைத்துவிட்டு, அது ஏறி நின்ற இடத்தைப் பார்த்ததும் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

“யாரது?” பனிக்குள்ளிருந்து ஐயா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு, கையில் மம்பட்டி. நான் பார்த்த மில் முதலாளியாகவே இல்லை. “ஏம் அம்மணி, இன்னேரத்துல இங்க நின்னு என்னத்துக்குச் சிரிக்கற?”

“ஐயா, இது எந்தத் தண்ணிங்க?”

“தென்னைக்குப் பாயற தண்ணி.”

“எங்கிருந்துங்க வருது?”

“கொளத்துலருந்துதான். ஒரு நா உட்டு ஒரு நா ரெண்டு சாண் எறக்கி மரத்துக்கு உட்டுப்போட்டு, அந்தா அந்தத் தொட்டித் தண்ணியத் தொறந்து ரொப்பிருவேன். நின்ன தண்ணிய அப்படியே வெச்சிருக்க முடியுமா? இது எப்பவும் செய்யறதுதான?”

திரும்பிப் பார்த்தேன். தோப்புக் கிணற்றை ஒட்டி மேட்டில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. கூரை கிடையாது. சாயங்காலம் இறைத்து ரொப்பிய தண்ணீர் ராத்திரியெல்லாம் வாடைக் காற்றில் விறைத்துக் கிடந்து, விடியும்போது என் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தார்ப்பாயை ஒழுங்காகச் சுருட்டி, வேலை முடிந்ததும் ஒழுங்காக மூடி, மணல் மூட்டையையும் எடுத்து வைத்துவிடுவாராம். சுத்தமான வேலை. ஒரு தடயமில்லை.

“தண்ணி வெதுவெதுன்னு இருக்குதுங்களே, உங்க காலுக்குத் தெரியலீங்களா?”

“ஏன் தெரியாம? மார்கழில தண்ணி அப்படித்தான இருக்கும்? விடியக்காலத்துல கெணத்துத் தண்ணி சூடாத்தான இருக்கும்?”

என்னால் அவரைக் குறை சொல்லவே முடியவில்லை. தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். குளிர்கால விடியலில் கிணற்றிலிருந்து ஏறும் தண்ணீர் ஆவி பறக்க இதமாக வரும். அந்த நேரத்துத் தண்ணீர் சூடாக இருந்தால் அவருக்கு அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. நானும் தென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று கேட்டதில்லை. கூரைமேல் ஏறி அளந்தேன், குளத்துக்குள் அளந்தேன், மரத்தடியை அளக்க எனக்குத் தோன்றவில்லை.

“இது கெணத்துச் சூடு இல்லீங்க ஐயா. என்ற ஓஸு காய வெச்ச சூடுங்க. பகலெல்லாம் காய வெச்சதை விடிஞ்சதும் தென்னைக்கு ஊத்திப்போட்டு, கொளத்துக்குப் பச்சத் தண்ணிய விடறீங்க.”

அவர் மம்பட்டியை ஊன்றி நின்றார். குனிந்து பாத்தியில் கையை வைத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து வைத்துப் பார்த்தார்.

அதற்குள் பின்வாசலில் தடிச்சத்தம். அந்த அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு மெள்ள வந்தார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு அவர் கணவரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

“ஏனுங்க, மூட்டு வலி எனக்கா, தென்னைக்கா?”

நானும் சிரித்தேன். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“அத்தனை தண்ணி சும்மா நிக்கறதப் பாத்துட்டு எப்படிப் புள்ள இருக்கறது? மனசு கேக்க மாட்டேங்குதே.”

“சும்மா நிக்கலீங்க ஐயா,” என்றேன். “கூரைக்கு ஏறுது, காயுது, எறங்குது, வடிகட்டிக்குள்ள போயிட்டு வருது. உங்க மில்லுல ஒரு ஷிப்டுக்கு ஆளு நிக்கற மாதிரி அது நின்னு வேலை செய்யுதுங்க. நீங்கதானுங்க ஒரு நா உட்டு ஒரு நா அதை வேலைய விட்டு நிறுத்திப்போடறீங்க.”

மில் நடத்துகிறவருக்கு அது புரிந்தது. ஒரு குச்சியை எடுத்துச் சேற்றில் படம் போட்டுக் காட்டினேன். தொட்டியிலிருந்து வரும் குழாயைக் குளத்துக்குப் போகாமல் நேராகத் தோப்புக்குத் திருப்ப ஒரு வளைவும் ஒரு வால்வும் போதும். தென்னைக்குத் தண்ணீர் எப்போதும்போலக் கிடைக்கும். குளம் தன் பாட்டுக்குக் கிடக்கும். பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே உள்ளே போய் பைப் ரெஞ்சோடு வந்தார். நானும் அவரும் சேற்றில் உட்கார்ந்து அந்த வளைவைத் திருகினோம். குளத்தை இறக்கும் வால்வுக்குச் சங்கிலி போட்டு ஒரு பூட்டு. சாவியை அந்த அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“மனசு கேக்கலீன்னா எங்கிட்ட வந்து கேளுங்க,” என்றார்.

அப்போதுதான் வாசலில் ஹாரன் சத்தம். பாய்லரை ஏற்றிய லாரி. துருவும் கரியுமாக ஒரு யானைக் குட்டி மாதிரி அது சாய்ந்து கிடந்தது. குளம் மறுபடி முழுதாக ஏற இன்னும் வெயில் வேண்டும். இன்றைக்கே கேட்டால் காட்ட என்னிடம் பாத்தித் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

ஐயா சேற்றுக் கையோடு வாசலுக்குப் போனார். டிரைவர் இறங்கி, “எங்கீங்க எறக்கறது?” என்று கேட்டார்.

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். “எத்தனை நா வேணும்?”

“இந்த வாரம் மட்டும் போதுங்க.”

“வண்டியத் திருப்பப்பா,” என்றார். “டீ குடிச்சுப்போட்டுப் போ.”

அந்த வாரம் வானம் எனக்காகவே துடைத்து வைத்தது போல இருந்தது. செவ்வாய் ஏறியது. புதன் ஏறியது. வியாழக்கிழமை காலை தார்ப்பாயைச் சுருட்டியபோது குளத்தின் மேல் ஆவி மெல்லிசாக எழுந்தது. தெர்மாமீட்டரை எடுத்துப் பார்க்க எனக்குப் பயம். அந்த அம்மாவே நூலைப் பிடித்து இழுத்து, “படிச்சுச் சொல்லு,” என்று நீட்டினார். முப்பது. மறுநாள் சில்லென்று இருக்க வேண்டிய நாள். அன்றைக்கும் முப்பது!

சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார். இரண்டாம் படியில் ஒரு நொடி நின்றார். பிறகு மூன்றாம் படி, தரை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரை வரை போனார். திரும்பும்போது கையை எடுத்தார். மார்பளவு தண்ணீரில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயில் எதையோ எண்ணியபடி, கம்பியைத் தொடாமல் நடந்து வந்தார். ஐயா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் கூடவே நடந்தார். அந்த அம்மா ஏறி வந்ததும் அவர் குனிந்து தண்ணீரில் முழங்கை வரைக்கும் கையை விட்டார். இந்தத் தடவை விரல் நுனி இல்லை.

“காஞ்சிருக்குது அம்மணி,” என்றார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த அம்மா என்னைப் பார்த்தார். “நீயும் கால வெச்சுப் பாரு. காய வெச்சவ ஒரு தரமாவது எறங்க வேண்டாமா?” பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்து காலை விட்டேன். உடனே எடுக்க மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

பொங்கல் கழிந்ததும் அவர் தடியில்லாமல் டாக்டரிடம் நடந்து போனார். எப்படி என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா, கூரையில் சுற்றிய ஹோஸைப் பற்றியும், தென்னை மரம் வெந்நீர் குடித்ததைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் எங்கள் கம்பெனிக்குப் போன். அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு நோயாளிகளுக்காக ஒரு சின்னக் குளம் கட்டப்போகிறார்களாம், காய வைக்க வழி வேண்டுமாம்.

முதலாளி போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“நாளைக்கு யாராச்சும் போயி அளந்துட்டு வரோணும். நீ போறயா அம்மணி?”

“நேத்தே போயிட்டு வந்துட்டனுங்க சார்,” என்றேன். அந்த அம்மா எனக்கு முன்பே சொல்லியிருந்தார். விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய், இடத்தை அளந்து, கூரையில் வெயில் விழும் திசையைப் பார்த்து, குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வாட்ச்மேன் வரைக்கும் விசாரித்துவிட்டு வந்திருந்தேன்.

போர்டில் டிராயிங் தயாராக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஹோஸ் சுற்றுகளைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், வால்வுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். விரல் வலது கீழ் மூலையில் வந்து நின்றது. சரிபார்த்தவர் கட்டத்தை அவருக்காகக் காலியாக விட்டிருந்தேன். மூன்றாவது கட்டத்தில், அழிக்க முடியாதபடி மையிலேயே, என் இரண்டு எழுத்தைப் போட்டிருந்தேன்.